ஆண்டர்ஸ்: யாரைக் கேட்டுக் கொளுத்தினான்?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இன்றைக்கு நான் பேசப்போவது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் பாத்திரத்தைப் பற்றி. பேர் ஆண்டர்ஸ். விளையாட்டு 'டிராகன் ஏஜ் 2'. கனடாவில் எட்மன்டன் நகரத்து பயோவேர் கம்பெனி உருவாக்கி 2011 மார்ச்சில் வெளிவந்தது. 'பொழுதுபோக்குச் சரக்கைப் பத்திப் பேசவா கூட்டம் போட்டீங்க?' என்று மூத்த தோழர்கள் நினைக்கலாம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்த ஒரு ஆள் செய்த ஒரு காரியத்தை வைத்து விடிய விடியச் சண்டை போட்டவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

ஒடுக்கப்பட்டவன் திருப்பி அடிக்கலாமா? நடுநிலை என்று உட்கார்ந்திருப்பவருக்கு என்ன பொறுப்பு? மக்களுக்காகச் செய்தேன் என்பவன் அந்த மக்களைக் கேட்டானா? இதெல்லாம் நம்முடைய கேள்விகள். ஒரு வியாபாரக் கம்பெனி இந்தக் கேள்விகளைத் தன் பக்குவத்தில் சமைத்து நம் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று நாம் பார்க்க வேண்டாமா?

விளையாடாதவர்களுக்காக முதலில் கதை.

அந்தக் கற்பனை உலகத்தில் சிலர் மந்திர சக்தியோடு பிறக்கிறார்கள். சக்தி தெரியவந்ததும் பிள்ளையைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து 'வட்டம்' எனப்படும் இடத்தில் அடைத்துவிடுவார்கள். காவலுக்கு டெம்ப்ளர்கள் என்ற ஆயுதப்படை. படைக்கு எஜமான் சாண்ட்ரி என்ற திருச்சபை. மந்திரவாதியின் ரத்தத்தை ஒரு குப்பியில் எடுத்து வைத்திருப்பார்கள். ஓடிப்போனால் அந்த ரத்தத்தை வைத்தே தேடிப் பிடிக்கலாம். பயிற்சி முடியும் காலத்தில் ஒரு சோதனைச் சடங்கு. கனவுலகத்துக்குள் அனுப்பி ஒரு பேயை எதிர்கொள்ள வைப்பார்கள். தோற்றால் பக்கத்திலேயே டெம்ப்ளர் வாளோடு நிற்பான்.

சோதனைக்குத் தேறமாட்டான் என்று முடிவு கட்டப்பட்டவனுக்கும், நானே வரமாட்டேன் என்று பயந்து ஒதுங்கியவனுக்கும் வேறொரு சடங்கு. நெற்றியில் சூரிய முத்திரை போட்டு, சக்தியோடு சேர்த்துக் கனவையும் உணர்ச்சியையும் அறுத்துவிடுவார்கள். இப்படி ஆக்கப்பட்டவர்களுக்குப் பேர் 'சாந்தமானவர்கள்'. மந்திரம் ஏற்றிய பொருள்களைச் செய்வது இவர்களுடைய வேலை. வட்டத்துக்கு வருமானம் அதில்தான் வருகிறது. கோபம் கிடையாது, ஆசை கிடையாது, எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது, சொன்ன வேலையைச் செய்துகொண்டே இருப்பார்கள். எந்த முதலாளிக்குக் கசக்கும்? 'சாந்தம்' என்பது முத்திரை குத்தியவன் வைத்த பேர் என்பதைக் கவனியுங்கள்.

கதை நடக்கும் ஊர் கிர்க்வால். பழைய டெவின்டர் சாம்ராஜ்யத்தின் அடிமை வியாபாரத்தில் கொழுத்த துறைமுகம். அடிமைகளை அடைத்துவைத்த அதே கோட்டைக்குள்தான் இப்போது வட்டம் இருக்கிறது. அந்த இடத்தின் பேரே தூக்குமரம். அடிமைகள் போய்விட்டார்கள், சுவர் போகவில்லை. சுவர் இருந்தால் அதற்குள் யாரையாவது அடைக்கத் தோன்றும்.

டெம்ப்ளர் படைத்தலைவி மெரடித். ஊரை ஆண்ட வைகவுண்ட் கொல்லப்பட்டபின் மூன்று வருஷம் அடுத்த ஆளை வரவிடாமல் தானே ஊரை ஆள்கிறவள். வட்டத்தின் தலைவர் ஆர்சினோ. இரண்டு பேருக்கும் மேலே சாண்ட்ரியின் தலைமைக் குரு எல்தினா அம்மையார். விளையாடுகிறவர் ஏற்கும் வேடம் ஹாக் என்னும் அகதி. ஆண்டர்ஸ், ஹாக்கின் கூட்டாளிகளில் ஒருவன்.

இவனை முதலில் 2010இல் வந்த 'அவேக்கனிங்' என்ற தொடர்ச்சியில் பார்க்கிறோம். அங்கே எழுதியவர் டேவிட் கெய்டர். தமாஷ் பேசுபவன், பூனை வளர்ப்பவன், ஏழு முறை வட்டத்திலிருந்து தப்பி ஓடியவன். இரண்டாம் விளையாட்டில் அவனை எழுதியவர் ஜெனிஃபர் ஹெப்லர். சிரிப்பு போய்விட்டது. 'நீதி' என்ற பேருடைய ஆவி ஒன்றைத் தன் உடம்புக்குள் குடியேற விட்டிருக்கிறான். இவனுக்குள் ஏற்கெனவே இருந்த கோபம் பட்டு, அந்த நீதி பழியாகத் திரிந்துவிட்டது. கிர்க்வாலின் பாதாளச் சேரியில் காசு வாங்காமல் அகதிகளுக்கு வைத்தியம் பார்க்கிறான். இதையும் மறக்கக் கூடாது. அவனைக் கொலைகாரன் என்பவர்களும் அந்த வைத்தியசாலை வாசலைக் கடந்துதான் பேச வேண்டும்.

அவனுடைய அன்புக்குரியவன் கார்ல். சோதனையில் தேறிய மந்திரவாதி. தேறியவனைச் சாந்தமாக்கக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். ஆனாலும் கார்லைச் சாந்தமாக்கி, ஆண்டர்ஸைப் பிடிக்கத் தூண்டில் புழுவாக சாண்ட்ரிக்குள் நிறுத்துகிறார்கள். ஆண்டர்ஸுக்குள் இருக்கும் ஆவி சீறும்போது கார்லுக்குச் சில நிமிஷம் உணர்ச்சி திரும்புகிறது. அந்தச் சில நிமிஷத்தில் அவன் கேட்பது, என்னைக் கொன்றுவிடு என்பதுதான்.

இனி அந்தக் காரியம். மூன்றாம் பகுதியில் ஆண்டர்ஸ் ஹாக்கிடம் இரண்டு சரக்குகள் தேடிக் கொடுக்கச் சொல்கிறான். ஆவியை என்னிடமிருந்து பிரிக்க மருந்து செய்யப்போகிறேன் என்கிறான். பொய். பிறகு, எல்தினா அம்மையாரிடம் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடு என்கிறான், காரணம் சொல்லாமல். கடைசியில் ஒரு நாள், மெரடித்தும் ஆர்சினோவும் நடுத்தெருவில் மல்லுக்கு நிற்கும் நேரத்தில், சாண்ட்ரி கட்டடம் வெடித்துச் சிதறுகிறது. எல்தினாவும் உள்ளே இருந்தவர்களும் செத்துப் போகிறார்கள். சமரசத்துக்கு இனி இடம் வைக்கக் கூடாது என்றே செய்தேன் என்று ஆண்டர்ஸ் ஒத்துக்கொள்கிறான். உடனே மெரடித் 'அழித்தொழிப்பு உரிமை'யைக் கையில் எடுக்கிறாள். வட்டத்துக்குள் இருக்கும் அத்தனை மந்திரவாதிகளையும் ஒருவர் விடாமல் கொல்லும் உரிமை. ஆண்டர்ஸ் வட்டத்து ஆளே இல்லை, இந்தக் காரியத்தில் வட்டத்துக்குச் சம்பந்தமில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே செய்கிறாள்.

இப்போது ஹாக் இரண்டு முடிவு எடுக்க வேண்டும். ஆண்டர்ஸைக் கொல்வதா, துரத்துவதா, கூட வைத்துக்கொள்வதா? மந்திரவாதிகள் பக்கமா, டெம்ப்ளர்கள் பக்கமா?

விளையாடியவர்கள் 2011இலிருந்து இதில் இரண்டு கட்சி.

ஒரு கட்சி சொல்வது: 'அவன் பயங்கரவாதி. கும்பிட வந்தவனைக் கொன்னவன். நண்பனை ஏமாத்தினவன். என்ன நியாயம் இருந்தாலும் இது கொலை.' இன்னொரு கட்சி: 'நூத்துக்கணக்கான வருஷமா பிள்ளைங்களைப் பிடுங்கறது யாரு? நெத்தியில சூடு போடறது யாரு? அப்ப வாயைத் திறக்காதவன், கட்டடம் இடிஞ்சதும் ஒழுக்கம் பேசறானா? அவன் கொளுத்தலேன்னா எதுவும் மாறியிருக்காது.'

முதல் கட்சியிடம் எனக்குள்ள சண்டை இது. ஒரே நாளில், ஒரே இடத்தில், சத்தத்தோடு நடந்தால்தான் அது வன்முறை என்று இவர்களுக்குப் படுகிறது. கார்லுக்கு நடந்தது சத்தமில்லாமல் நடந்தது, சடங்காக நடந்தது, அதிகாரத்தின் கையால் நடந்தது. அதனால் அது 'அமைப்பில் ஒரு குறை' ஆகிவிடுகிறது. ஆண்டர்ஸ் செய்தது மட்டும் 'கொடூரம்'. இந்த அளவுகோல் எங்கே தயாராகிறது என்று நமக்குத் தெரியாதா என்ன?

எல்தினா அம்மையாரையும் இங்கேயே பார்த்துவிடலாம். நல்ல மனுஷி. அதிர்ந்து பேசாதவர். மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் ஆர்சினோ ஊர்க்காரர்களைக் கூட்டி மெரடித்துக்கு எதிராக வெளிப்படையாகப் பேசுகிறார். மெரடித் வந்து மறிக்கிறாள். எல்தினா வருகிறார், இருவரையும் வீட்டுக்குப் போகச் சொல்கிறார். அவ்வளவுதான். ஒருத்தருக்கு வீடு என்பது ஊரையே ஆளும் அலுவலகம். இன்னொருத்தருக்கு வீடு என்பது ஜெயில். இருவரையும் 'வீட்டுக்குப் போங்கள்' என்பதற்குப் பேர் நடுநிலை! மெரடித்தைத் தட்டிக் கேட்கும் அதிகாரம் அந்த ஊரில் ஒருவருக்கு இருந்தது என்றால் அது எல்தினாவுக்குத்தான். பொறுமையாக இருங்கள், கடவுள் பார்த்துக்கொள்வார் என்றே வருஷங்களை ஓட்டினார். அவருடைய பொறுமைக்கான விலையை அவர் கொடுக்கவில்லை, கார்ல் கொடுத்தான்.

அதற்காக அவர் சாக வேண்டுமா? வேண்டாம் என்பது என் பதில். அவரோடு செத்த மற்றவர்கள் எந்த அதிகாரமும் இல்லாதவர்கள். விளக்கேற்ற வந்தவர்கள், தரை துடைத்தவர்கள், அங்கே படித்த பிள்ளைகள் என்று எந்தக் கோயிலிலும் இருப்பவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய சாவைக் கணக்கில் எழுதாமல் ஆண்டர்ஸை மாலை போட்டு ஊர்வலம் விட என்னால் முடியாது.

ஆனால் இரண்டு கட்சியும் பேசாமல் விட்ட ஒரு பக்கம் இருக்கிறது. இரண்டு பேரும் செத்த சாண்ட்ரிக்காரர்களையே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பாவம் என்கிறார், ஒருவர் பரவாயில்லை என்கிறார். தூக்குமரத்துக்குள் இருந்த மந்திரவாதிகளை யார் எண்ணியது?

நான் வங்கியில் கிளார்க். ஒருத்தர் வாங்கும் கடனுக்கு இன்னொருத்தர் ஜாமீன் நிற்க வேண்டுமென்றால் அந்த இன்னொருத்தர் நேரில் வரவேண்டும், படித்துப் பார்க்க வேண்டும், அவரே கையெழுத்துப் போட வேண்டும். 'அண்ணன் நல்லதுக்குத்தான் வாங்கறாரு, தம்பி பேர நானே எழுதிக்கறேன்' என்று யாராவது சொன்னால் அதற்குப் பேர் மோசடி. அண்ணன் உத்தமனாக இருந்தாலும் மோசடிதான். கடன் திரும்பாதபோது வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கப்போவது தம்பியைத் தேடித்தானே?

ஆண்டர்ஸ் செய்தது இதுதான். மெரடித் என்ன செய்வாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் வட்டத்தின் மேல் பாய்வாள் என்பது அவன் போட்ட கணக்கின் ஒரு பகுதி. அப்படிப் பாய்ந்தால்தான் மந்திரவாதிகள் சண்டை போட்டே ஆகவேண்டும். அதாவது, உள்ளே பூட்டிக் கிடப்பவர்களின் கழுத்தை ஈடு வைத்துத்தான் அவன் நெருப்பு வாங்கினான். அந்தக் கழுத்துக்காரர்களில் ஒருவரையாவது கேட்டானா? சோதனைக்கே போகாத சின்னப் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்களே! ஹாக்கின் தங்கை பெத்தனி ஒரு மந்திரவாதி. நாம் எடுத்த முடிவுகளைப் பொறுத்து அவளும் அதே வட்டத்துக்குள் இருக்கலாம். அதாவது, தான் உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டுப் பெண்ணின் தலையையும் சேர்த்தே ஈடு வைத்தான்.

வட்டத்தின் குற்றம் என்ன? உனக்கு எது நல்லது என்று நான் முடிவு செய்வேன், உன்னைக் கேட்க மாட்டேன் என்பது. ஆண்டர்ஸும் அதையே செய்தான். நோக்கம் தலைகீழ், முறை அதே முறை.

இதற்கு விளையாட்டே முன்கூட்டி ஒரு எச்சரிக்கை வைத்திருக்கிறது. இரண்டாம் பகுதியில் ஆல்ரிக் என்ற டெம்ப்ளர், எல்லா மந்திரவாதிகளையும் சாந்தமாக்கிவிடலாம் என்று திட்டம் போட்டவன். அவனைத் தேடிச் சுரங்கத்துக்குள் போகிறோம். ஒரு மந்திரவாதிப் பெண்ணை அவன் மிரட்டிக்கொண்டிருக்கிறான். சண்டை நடக்கிறது, அவன் சாகிறான். காப்பாற்றப்பட்ட அந்தப் பெண், ஒளிவிடும் ஆண்டர்ஸைப் பார்த்துப் பயந்து பேய் என்கிறாள். காப்பாற்ற வந்தவன் அவளைக் கொல்லப் பாய்கிறான். ஹாக் பேசித் தடுத்தால் பிழைப்பாள், இல்லாவிட்டால் அவன் கையாலேயே சாவாள். யாருக்காகப் போராட வந்தானோ அவளே தன்னைப் பார்த்துப் பயந்ததை அவனால் தாங்க முடியவில்லை. அங்கே கிடைக்கும் கடிதங்களில் இன்னொரு சேதி இருக்கிறது: ஆல்ரிக்கின் திட்டத்தை மெரடித்தே நிராகரித்திருக்கிறாள். ஆண்டர்ஸ் ஒரு நிமிஷம் ஆடிப்போகிறான். அந்த ஒரு நிமிஷத்தில் அவனோடு உட்கார்ந்து பேச ஒரு அமைப்பு, ஒரு தோழமை இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அவனுக்கு ஒரு ஆவிதான் இருந்தது. அது விவாதம் பண்ணாது.

'வேற வழி என்ன இருந்தது? சொல்லுங்க பாப்போம்' என்று இங்கே ஒரு தம்பி கேட்பார். நியாயமான கேள்வி. மூன்றாம் பகுதியில் ஒரு கிளைக்கதை வருகிறது. த்ராஸ்க் என்று ஒரு டெம்ப்ளர். அவனுடைய மகளே மந்திரவாதியாகப் பிறந்தவள். மெரடித்தை இறக்க வேண்டும் என்று இவன் டெம்ப்ளர்களையும் மந்திரவாதிகளையும் ஒன்றாகச் சேர்க்கிறான். காவல்காரனும் கைதியும் ஒரே பக்கம்! இந்த விளையாட்டிலேயே அரசியல் என்று சொல்லத்தக்க ஒரே காரியம் இதுதான் என்பேன். முடிவு என்ன? கூட்டணியில் இருந்த கிரேஸ் என்ற மந்திரவாதி ரத்த மந்திரத்தில் இறங்கி த்ராஸ்க்கையே கொன்றுவிடுகிறாள். கூட்டணி அத்தோடு முடிந்தது.

இங்கேதான் நாம் விளையாட்டைச் செய்தவர்களைப் பிடிக்க வேண்டும். இந்தப் பிரதியில் மந்திரவாதிகள் நம்பிக்கைக்கு உரியவர்களாக நிற்கும் இடங்கள் ஒவ்வொன்றாக உடைக்கப்படுகின்றன. கிரேஸ் துரோகம் செய்கிறாள். ஹாக்கின் தாயைக் கொல்பவன் மந்திரவாதி. அவனுடைய ஆராய்ச்சிக்கு உதவியவர் ஆர்சினோ. கடைசிச் சண்டையில் நாம் ஆர்சினோவின் பக்கம் நின்றாலும் அவர் பிணங்களை ஒட்டிக்கொண்டு பூதமாகிவிடுகிறார். நம் பக்கம் ஜெயிக்கப்போகும் நேரத்தில் எதற்காக? பதில் கிடையாது. 'பாத்தியா, இவங்களைப் பூட்டி வச்சது சரிதான்' என்று காதில் ஓதிக்கொண்டே, 'நீயே முடிவெடு' என்று நம் கையில் பகடையைக் கொடுக்கிறார்கள். பகடையின் ஒரு பக்கத்தில் ஈயம் ஊற்றியிருக்கிறது.

இன்னும் ஆழமான ஈயம் ஒன்று உண்டு. நிஜ உலகத்தில் ஒரு கூட்டத்தைப் பிறப்பை வைத்து ஒதுக்கியவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: இவர்கள் ஆபத்தானவர்கள், அசுத்தமானவர்கள், விட்டால் கெடுத்துவிடுவார்கள். அது பொய். ஒடுக்குவதற்காக உண்டாக்கிய பொய். விலக்கப்பட்டவனின் கையில் நெருப்பு கிடையாது. இந்த விளையாட்டில் அந்தப் பொய்யை உண்மையாக்கிவிட்டார்கள். மந்திரவாதிப் பிள்ளைக்குள் நிஜமாகவே பேய் புகும், ஊரை எரிக்கும். மெரடித்தின் சகோதரியே அப்படி ஆகிப் பலரைக் கொன்றவள் என்று கதை வைத்திருக்கிறார்கள். ஆக, ஜெயிலருக்கு ஒரு நியாயம் தயார். ஒடுக்குமுறையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசி, ஒடுக்குகிறவனின் பயத்துக்கு ஆதாரம் திரட்டிக் கொடுக்கும் கதையாடல் இது. ஆண்டர்ஸ் விவாதத்தில் இறங்கும் முன் இதைச் சொல்லித்தான் இறங்க வேண்டும். 'ஒடுக்கப்பட்டவன் விடுதலை பெறலாமா?' என்ற கேள்வியை, 'வெடிகுண்டு நடமாடலாமா?' என்று அவர்கள் மாற்றிவிட்டார்கள்.

பொறுப்பு விஷயத்திலும் இதே தந்திரம். மெரடித் ஏன் இப்படி ஆனாள்? சிவப்பு லிரியம் என்ற சபிக்கப்பட்ட பொருளால் செய்த வாள் அவள் புத்தியைக் கெடுத்துவிட்டதாம். ஆண்டர்ஸ் ஏன்? ஆவி புகுந்துவிட்டதாம். வாளும் பேயும் குற்றவாளி ஆனபின், சாண்ட்ரி, டெம்ப்ளர், வட்டம் என்ற ஏற்பாடு கூண்டில் ஏறவே தேவையில்லை. வாள் வருவதற்கு முன்பும் ரத்தக்குப்பி இருந்ததே, அது எந்தப் பேயின் வேலை? ஆண்டர்ஸை நான் மனுஷனாகவே மதிக்கிறேன். அதனால் அவன் செய்ததை ஆவியின் தலையில் கட்ட ஒப்ப மாட்டேன். அவனும் அப்படிக் கட்டித் தப்பிக்கப் பார்க்கவில்லை. அது அவனிடம் எனக்குப் பிடித்த குணம்.

இதெல்லாம் நமக்கு யார் சொல்லித் தெரிகிறது? கதை சொல்பவன் வேரிக் என்ற குள்ளன். எங்கே சொல்கிறான்? சாண்ட்ரியின் விசாரணை அதிகாரி கசாண்ட்ராவின் முன்னால், பிடித்து உட்கார வைக்கப்பட்டு. அதுவும் மிகைப்படுத்திச் சொல்கிறவன் என்று தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்கள். விசாரணை அறையில் எழுதி வாங்கிய வாக்குமூலம் எப்படி இருக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியும். ஆண்டர்ஸின் கதை சாண்ட்ரியின் மேஜையில் பதிவான கதை. அவன் எழுதி எழுதி ஊரெல்லாம் வைத்த அறிக்கையை யாரும் முழுசாகப் படித்துக் காட்டுவதில்லை.

அடுத்து எல்ஃப்கள். டெவின்டர் காலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். இப்போது மனிதர்களின் நகரங்களில் சுவர் வைத்த சேரியில் வாழ்கிறார்கள். 2009இல் வந்த முதல் விளையாட்டில், சேரியில் நடக்கும் கல்யாணத்திலிருந்து பெண்களை ஒரு பிரபுவின் மகன் தூக்கிக்கொண்டு போகிறான். பின்னால் அதே சேரி ஆட்களை டெவின்டருக்கு அடிமைகளாக விற்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு மந்திரமும் கிடையாது, ஆயுதமும் கிடையாது. கிர்க்வாலிலும் அந்தச் சேரி இருக்கிறது. ஆனால் யாருடைய விடுதலைக்காக உலகம் இரண்டு பட்டது? கையில் நெருப்பு உள்ளவர்களுக்காக. கூட்டிப் பெருக்குகிறவர்கள் கதையின் ஓரத்தில் கூட்டிப் பெருக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆண்டர்ஸோடு கூட வருபவன் ஃபென்ரிஸ். டெவின்டரில் ஒரு மந்திரவாதிப் பிரபுவுக்கு அடிமையாக இருந்து தப்பியவன், எல்ஃப். அந்த நாட்டில் மந்திரவாதிகள் ஆளும் வர்க்கம். ஃபென்ரிஸ் மந்திரவாதிகளை வெறுக்கிறான். அது உடம்பில் பட்ட அனுபவம். ஆண்டர்ஸ் டெம்ப்ளர்களை வெறுக்கிறான். அதுவும் உடம்பில் பட்ட அனுபவம். ஒரே வீட்டில் பல வருஷம் போக வர இருந்தும் இருவரும் ஒருவரையொருவர் குத்திக்கொண்டே இருக்கிறார்கள். 'உன் சங்கிலி எப்படி இருந்தது?' என்று ஒருவன் இன்னொருவனைக் கேட்டு உட்கார்ந்ததாகக் காட்சியே இல்லை. என் வலிதான் வலி, உன் வலி என் வலிக்குத் தடை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள் இப்படி நடக்கும்போது லாபம் யாருக்கு என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

'ஆனா அவன் ஜெயிச்சானே, கிர்க்வாலுக்குப் பிறகுதானே எல்லா வட்டமும் எழுந்தது?' என்பார்கள். 2014இல் வந்த 'இன்குவிசிஷன்' விளையாட்டில் மந்திரவாதிகளும் டெம்ப்ளர்களும் போரில் இருக்கிறார்கள் என்பது உண்மை. நடுவில் நடந்ததையும் பாருங்கள். டேவிட் கெய்டர் 2011 கடைசியில் எழுதிய 'அசண்டர்' நாவலில் வட்டங்களின் பிரதிநிதிகள் ஒரு கோட்டையில் கூடுகிறார்கள். பிரிவதா வேண்டாமா என்று சண்டை போடுகிறார்கள். பயந்தவன் பயத்தைச் சொல்கிறான். பிறகு வாக்கெடுத்துப் பிரிகிறார்கள். பிரிந்தால் போர் வரும், சாவோம் என்று தெரிந்தே கை தூக்குகிறார்கள். சாவு அங்கேயும் உண்டு. ஆனால் ஜாமீன் பத்திரத்தில் இருப்பது அவரவர் கையெழுத்து. எனக்கு ஆண்டர்ஸின் வெடியைவிட அந்த வாக்கெடுப்பு பெரிய காரியமாகப் படுகிறது. விளையாட்டில் அதைக் காட்டவில்லை. வெடி பார்க்க நன்றாக இருக்கும், கூட்டம் போட்டுப் பேசுவது பார்க்க நன்றாக இருக்காது என்று கம்பெனிக்குத் தெரியும்.

கடைசியாக, 'நீங்க அவனை என்ன பண்ணீங்க?' என்று கேட்பீர்கள். ஒரு பெட்டியின் மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். கத்தி ஹாக்கின் கையில். கொல்லப்படத் தயாராக இருக்கிறான். நான் கொல்லவில்லை. செத்தால் அவன் தியாகி, கணக்கு முடிந்துவிடும். துரத்திவிடவும் இல்லை. எழுந்திரு, வா என்று தூக்குமரத்துக்குள் அழைத்துப் போனேன். யார் தலையை ஈடு வைத்தாயோ அவர்களுக்கு முன்னால் நின்று சண்டை போடு, அவர்கள் முகத்தைப் பார் என்று. என் வருத்தம் என்னவென்றால், அவனை நியாயம் கேட்கும் உரிமையை விளையாட்டு ஹாக்குக்குக் கொடுக்கிறது, இளவரசன் செபாஸ்டியனுக்குக் கொடுக்கிறது, வட்டத்து மந்திரவாதிகளுக்குக் கொடுக்கவில்லை. அவர்கள் கூடி, 'யாரைக் கேட்டுச் செஞ்சே?' என்று அவனை நிறுத்திக் கேட்கும் ஒரு காட்சி இல்லை. மன்னிக்கவோ தண்டிக்கவோ அவர்களுக்குத்தானே முதல் உரிமை?

தோழர்களே, ஆண்டர்ஸைப் போன்ற பிள்ளைகள் எல்லா இயக்கத்திலும் உண்டு. நெருப்பானவர்கள், தூங்காதவர்கள், இலவச வைத்தியம் பார்ப்பவர்கள். அவர்களை இழக்கக் கூடாது. 'பொறுமையாக இரு' என்று எல்தினா பாஷையில் பேசி அவர்களை அணைக்கவும் கூடாது. அவர்கள் கொண்டுவரும் கோபத்தைக் கூட்டத்தில் வைத்துப் பேச இடம் வேண்டும். பேசி, வாதாடி, தோற்று, மறுபடி பேச இடம் வேண்டும். அந்த இடம் இல்லாதபோதுதான் ஒரு நல்ல மனுஷன் தனக்குள் இருக்கும் ஒரே குரலை மக்கள் குரல் என்று நம்பிவிடுகிறான்.

இங்கே ஆண்டர்ஸ் கட்சிக்காரர்கள் நாலு பேராவது இருப்பீர்கள். நான் பேசியது போதும், மைக்கை எடுங்கள்.